விமானத்தை நிமிர்த்திய கதை

கடப்பாக்கத்தில் விவரம் தெரிந்த நாளாய்க் கடலுக்குப் போகிறவன் நான். புயலுக்குள் படகு ஓட்டியிருக்கிறேன். ஆனால் விமானம் என்றால் பயம். மஸ்கட்டில் இருக்கும் மகளைப் பார்க்க இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் விமான நிலைய வாசலோடு திரும்பிவிட்டேன். அசிங்கம்தான், என்ன செய்ய?

மூன்றாவது தடவை தப்ப வழியில்லை. அவளுக்குத் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கப்பல் வேலையில் எங்கோ இருந்தார். என் மனைவி போன வருஷம்தான் இறந்துபோனாள்.

"அம்மா இருந்தா வந்திருக்கும். நீயாவது வா நைனா" என்று மகள் போனில் அழுதாள்.

பயம் போக மருந்து கேட்டுச் செங்கல்பட்டு டாக்டரிடம் போனேன்.

"ஒரு மாத்திரை தர்றேன். போட்டுகினா தூங்கிடுவீங்க."

"அய்யய்யோ, வாணாம் சார். கடல்ல வுழுந்தா, முழிச்சிகினு இருந்தாத்தானே நீந்த முடியும்?"

மனிதர் பேனாவை மூடிவிட்டார்.

மாத்திரை இல்லாமலே ஏறினேன். ஜன்னலோரம் இடம். கண்ணை இறுக மூடியிருந்தேன். மேலே போனதும் விமானம் இடது பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தால் ஜன்னல் முழுக்கக் கடல்! படகு ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் பாரம் கொடுப்பது எங்கள் உடம்பில் ஊறிப்போன பழக்கம். யோசிக்கவே இல்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் மேல் விழுந்து கத்தினேன்.

"அண்ணாத்த, அந்தாண்ட சாயி! கவுந்துடும்!"

அவர் பதறிப்போய்ச் சாய்ந்தார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளும் சாய்ந்தார். சற்று நேரத்தில் விமானம் நிமிர்ந்தது.

"இன்னா ஆச்சு?" என்றார் பக்கத்து ஆள்.

"நிமித்திட்டோம்" என்றேன்.

பணிப்பெண் ஓடிவந்து முறைத்தாள். அதன்பிறகு விமானம் சாயும்போதெல்லாம் மூவரும் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். வேலை ஒன்று கிடைத்ததும் என் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. இறங்கும் நேரத்தில் பக்கத்து ஆள் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணாத்த, அது தானாத்தான் திரும்புது."

"தெரியும்பா. சும்மா உக்காந்துகினு இருக்க முடியல."

வெளியே மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். "தில்லா வந்துட்டியே நைனா!" என்று சிரித்தாள். சிரித்தபடியே என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"எனக்குப் பயமா கீது நைனா."

அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"எனக்கும்தான்மா. ஆனா வந்துட்டேன்ல?" என்றேன்.