எதிர்ப்பு சக்தி கேட்டு நான் எழுதிய ஜெபக் குறிப்பு

வலது காலிலிருந்து செருப்பு கழன்று வாசல்படியிலேயே கிடந்தது. என் கணவர் அது தெரியாமல் வண்டி வரைக்கும் ஒரு கால் வெறுங்காலோடு போய்விட்டார். "என்னங்க, செருப்ப விட்டுட்டுப் போறீங்க" என்று நான் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை. "கால்ல செருப்பு இருக்குதா இல்லையான்னே தெரியலம்மா" என்றார். போன ஐப்பசியில், நல்ல மழைக்கு நடுவில் வந்த ஒரு திங்கட்கிழமை அது. எங்கள் சோதனை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

ஆண்டவருக்குப் பிரியமான பிள்ளைகளே, உயிரியல் படிக்கிற உங்கள் ஐக்கியத்துக்கு ஒரு சாட்சி எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி இது ஒன்றுதான். இதில் எனக்கு நேர்ந்த அவமானமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் சாட்சி பாதியாகிவிடும்.

நான் கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நோய்த்தடைகாப்பியல் பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே நடத்துவேன். தோல்தான் முதல் அரண். கண்ணீரிலும் எச்சிலிலும் கிருமியின் சுவரைக் கரைக்கும் நொதி இருக்கிறது, இரைப்பையில் அமிலம் இருக்கிறது. இவற்றைத் தாண்டி ஒரு கிருமி உள்ளே வந்தால் விழுங்கு செல்கள் அதைப் பிடித்துத் தின்னும். அதற்கும் அடங்காவிட்டால் நிணநீர்ச் செல்கள் இறங்கும். அதில் பி செல்கள் எதிர்ப்பொருள் செய்து விடும், டி செல்கள் கிருமி புகுந்த செல்லையே தேடிப்போய்க் கொல்லும். எல்லாம் முடிந்த பிறகு நினைவுச் செல்கள் சில தங்கி, அதே கிருமி மறுபடி வந்தால் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். "நிச்சயம் வரும், அஞ்சு மார்க்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சபையில் யாராவது வைரஸையும் பாக்டீரியாவையும் குழப்பிப் பேசினால் அங்கேயே திருத்திவிடுவேன். பாஸ்டரையே ஒருமுறை பிரசங்கம் முடிந்த கையோடு திருத்தியிருக்கிறேன். அவர் நல்ல மனுஷர், "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் கணவர் மின்சார வாரியத்தில் லைன்மேன். நாள் முழுக்கக் கம்பம் ஏறி இறங்குகிற உடம்பு. செவ்வாய்க்கிழமை அவரால் வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான்காவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டியதற்கு, நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார்கள். மழை விடட்டும், காலையில் போகலாம் என்றார் இவர். நானும் சரி என்றேன். காய்ச்சலில்லை, வலியில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு புதுமனை விருந்து சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கால் படுத்திருந்தார். மருந்தில்லாமலே சரியாகிவிட்டது. அதனால் உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோயிருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சங்கிலி ஜெபம் என்று ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ஆபத்து என்றால் ஆளுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை விடாமல் ஜெபிப்பார்கள். எல்லாரும் ஒரே காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்பதற்காக ஜெபக் குறிப்பு ஒன்றை எழுதி வாட்ஸ்அப்பில் போடுவோம். வழக்கமாக அதை எழுதுவது நான்தான். அன்றைக்கும் நான்தான் எழுதினேன். "ஆண்டவரே, அவருடைய எதிர்ப்பு சக்தியைப் பெருகப் பண்ணும். வெள்ளை அணுக்களைப் பலப்படுத்தும். எதிர்ப்பொருள்கள் திரளாக உண்டாகட்டும்." டீச்சர் எழுதியது என்று தெரிய வேண்டாமா? அதனால் பாடப்புத்தகத்து வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டேன்.

நாற்பது பெண்கள் அதை அப்படியே எடுத்து ஜெபித்தார்கள். தையல்கடை வைத்திருக்கும் ரூத்தக்கா மிஷினை நிறுத்திவிட்டு முழங்காலில் நின்றார். எழுந்ததும் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சித் தூக்கில் ஊற்றிக் கொண்டுவந்தார். "எதிர்ப்பு சக்திக்கு இத வுட்டா வேற இல்ல டீச்சர்" என்றார். அதையும் குடிக்க வைத்தேன்.

புதன்கிழமை காலையில் அவரால் நிற்கவே முடியவில்லை. என் தம்பி தாவீது கார் எடுத்து வந்தான். அவரைத் தூக்கி உட்காரவைத்துச் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். புதுச்சத்திரம் தாண்டும்போது தண்ணீர் பாட்டில் அவர் கையிலிருந்து நழுவியது. கையிலும் பிடியில்லை. "மாமா, ஒண்ணும் ஆவாது, நா இருக்கன்ல" என்று தாவீது கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். அவன் குரலே உடைந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் ஒரு டாக்டரம்மா வந்து அவர் முட்டியைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. "மூச்ச நல்லா இழுத்துக்கிட்டு, ஒரே மூச்சுல எவ்ளோ எண்ண முடியுதோ எண்ணுங்க" என்றார். இவர் இருபத்தெட்டு வரை எண்ணினார். மூச்சுத் தசைகளுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை இப்படியும் பார்ப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் முதுகுத்தண்டு நீர், நரம்புச் சோதனை எல்லாம் முடிந்து டாக்டரம்மா என்னை அழைத்தார். இரண்டு மூன்று வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன்.

"அதாம்மா. அந்தக் கிருமிய உங்க வீட்டுக்காரர் உடம்பு நல்லாவே அடிச்சு வெரட்டிருச்சு. ஆனா அந்தக் கிருமி மேல இருக்குற ஒரு பொருளும் நம்ம நரம்புல இருக்குற ஒரு பொருளும் பாக்க ஒரே மாதிரி. கிருமிக்குன்னு செஞ்ச எதிர்ப்பொருள் இப்ப நரம்பு மேல போய் ஒக்காந்துருச்சு."

"அப்ப எதிர்ப்பு சக்தி கொறஞ்சதால இல்லையா டாக்டர்?"

"கொறையலம்மா. அதுதான் இவர அடிக்குது. அத அடக்கணும்."

தன் உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்கும் நோய்களைப் பற்றி அதே பாடத்தில் ஒரு பத்தி இருக்கிறது. "இது முக்கியமில்ல, படிச்சு வெச்சுக்குங்க" என்று வருஷா வருஷம் தாண்டிப் போன பத்தி. நாற்பது பெண்கள் மூன்றாவது நாளாக எதைக் கேட்டு அழுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கணவரை அடித்துக்கொண்டிருப்பது எதுவோ, அது இன்னும் பெருக வேண்டும் என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கச் சொல்லி எழுதிக்கொடுத்தது நான்.

வராந்தாவில் நின்று ரூத்தக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, ஜெபத்த நிறுத்துங்க" என்றேன். "ஐயோ, டீச்சர்!" என்று அவர் அலறிவிட்டார். என் கணவர் போய்விட்டார் என்றே நினைத்துவிட்டார். நிதானமாக விளக்கினேன்.

"மூணு நாளா எல்லாருமா சேந்து கேட்டுட்டமே டீச்சர். ஆண்டவரு குடுத்துட்டாருன்னா?"

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கும் அதே பயம்தான். ரூத்தக்கா பக்கத்தில் இருந்த பாஸ்டரம்மா அவரிடமிருந்து போனை வாங்கினார். "ஏம்மா, புள்ள காய்ச்சல்ல ஐஸ் கேட்டு அழுதா நீ குடுப்பியா? அழுவுறது ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு மருந்துதான குடுப்ப? அவருக்கு அது தெரியாதா? நீ இப்ப என்ன வேணுமோ அத எழுது."

எழுத உட்கார்ந்தேன். 'அடக்கும்' என்று கேட்கவும் பயமாக இருந்தது. மொத்தமாக அடங்கிவிட்டால் சாதாரணச் சளிக்கே அவர் உடம்பு தாங்காதே! அப்போதுதான் தைமஸ் சுரப்பி நினைவுக்கு வந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற சின்னச் சுரப்பி. இளம் டி செல்கள் அங்கே சோதிக்கப்படுகின்றன. சொந்த உடம்பைத் தாக்கப் பார்க்கிற செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். தன்னுடையது எது, அந்நியம் எது என்று தெரிந்ததுதான் வெளியே வரும். பி செல்களுக்கும் எலும்பு மஜ்ஜையில் இதேபோல் ஒரு சோதனை உண்டு. அவர் தாயின் வயிற்றில் இருந்த நாளிலிருந்து இந்த வேலை நடந்துவருகிறது. எத்தனையோ கோடி செல்கள், இத்தனை வருஷங்கள், ஒரு நாளும் அவரை அவை தாக்கவில்லை. அதற்கு ஒரே ஒரு தடவையாவது நான் நன்றி சொல்லியிருப்பேனா? மார்க் மட்டும்தான் போட்டேன். அந்த வராந்தாவில் அழுதேன்.

பிறகு ஒரே வரி எழுதினேன். "ஆண்டவரே, அவருடைய உடம்பு அவரை அடையாளம் கண்டுகொள்ளட்டும்."

அன்று மாலை மருந்து ஏறத் தொடங்கியது. இம்யூனோகுளோபுலின் என்று பாட்டிலில் போட்டிருந்தது. அப்படியென்றால் எதிர்ப்பொருள். எதிர்ப்பொருளால் வந்த நோய்க்கு எதிர்ப்பொருளே மருந்து! ஆயிரக்கணக்கான பேருடைய ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, அதிலிருந்து இதை எடுக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னார். அத்தனை பேருடைய நல்ல எதிர்ப்பொருளும் உள்ளே போய், தப்பாகப் போனவற்றின் கையைக் கட்டுகிறது. எப்படிக் கட்டுகிறது என்று முழுதும் இன்னும் யாருக்கும் தெரியாது என்று டாக்டரம்மாவே ஒத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

என் கணவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். "டாக்டர், மேல இன்சுலேஷன் உரிஞ்சிருக்கு. உள்ள கம்பி அறுந்துடல. அதான?" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படித்தான் நெனைக்கிறோம். இன்சுலேஷன உடம்பே திரும்பப் போட்டுக்கும்." இத்தனை வருஷத்தில் நான் ஒரு வகுப்பிலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆனால் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. வியாழன் இருபத்திரண்டு, வெள்ளி பதினெட்டு, சனி பதினைந்து. ஐசியுவுக்கு மாற்றினார்கள். இதற்குக் கீழே போனால் தொண்டையில் குழாய் போட்டு மிஷினில்தான் மூச்சு என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலூரில் சபையே எழுந்து நின்று அந்த ஒரு வரியை ஜெபித்தது. ஆராதனை முடியும் நேரத்தில் என்னை ஐசியுவுக்குள் விட்டார்கள். டாக்டரம்மா எண்ணச் சொன்னார். என் கணவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கண்ணை மூடிக்கொண்டேன். பதினைந்து என்றார்.

"கீழ போவல" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான். திங்கட்கிழமையும் பதினைந்து. செவ்வாய் பதினெட்டு. குழாயைக் கொண்டுவந்து தலைமாட்டில் தயாராக வைத்திருந்தார்கள், அதைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துப் போனார்கள். நான் கண்ட அற்புதம் அதுதான்: பிரிக்காத ஒரு பாக்கெட். ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!

மருந்தா, ஜெபமா என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். அந்த மருந்தைக் கண்டுபிடித்த மூளை, ரத்தம் கொடுத்த கைகள், மழையில் கார் ஓட்டிய என் தம்பி, எல்லாமே எனக்குப் பதில்தான் என்றேன். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க எனக்குத் தெரியவில்லை. ஜெபிக்கிறோம் என்று சொல்லி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மழை விடட்டும் என்று ஒரு ராத்திரி காத்திருந்ததற்கே நான் இன்னும் வருந்துகிறேன்.

எழுந்து நடக்க மாதங்கள் ஆயின. பயிற்சியில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈஸ்டர் அன்று கைத்தடியோடு கோயிலுக்குள் நடந்து வந்தார். ரூத்தக்கா பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவர் காலைத் தொட்டுப் பார்த்தார். இப்போது ஆபீஸில் புகார் எடுக்கிற வேலை. இடது பாதத்தில் இன்னும் மரப்பு இருக்கிறது, கம்பம் ஏற விடவில்லை. "எவன் எவன் ரத்தமோ, எந்த ஊரோ, எந்தச் சாமிய கும்புடுறவங்களோ, எனக்குள்ள ஓடுது" என்று அடிக்கடி சொல்வார். பேர் தெரியாத அவர்களுக்காக நாங்கள் இருவரும் தினமும் ஜெபிக்கிறோம். நான் ரத்தம் கொடுக்கவும் ஆரம்பித்திருக்கிறேன். ஊசிக்குப் பயந்து அதுவரை ஒரு முகாமுக்கும் போனதில்லை.

இந்த வருஷம் அந்தப் பாடத்தை நடத்த எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. தாண்டிப் போகிற பத்தி என்று இப்போது எதுவும் இல்லை.

பிள்ளைகளே, உங்களில் யாருடைய வீட்டிலாவது இப்போது ஒருவர் படுத்திருக்கலாம். என்ன கேட்பது என்றே தெரியாமல் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். தெரிந்ததைக் கேளுங்கள். நோயின் பெயர் தப்பாக இருக்கட்டும், கேட்கிற காரியமே தலைகீழாக இருக்கட்டும், அழுதுகொண்டாவது கேளுங்கள். ஆண்டவர் அழைத்துப் போகிற வழியில் நீங்களே சரியானதைக் கற்றுக்கொள்வீர்கள். எங்கள் சங்கிலியில் காலை ஐந்தரை மணிக்கு வருகிற அரை மணி நேரம் என்னுடையது. உங்கள் குறிப்பை எழுதி அனுப்புங்கள். நான் ஒரு எழுத்தும் திருத்த மாட்டேன். அப்படியே எடுத்துக்கொண்டு முழங்காலில் நிற்பேன்.