மைக்ரோகிளியாவும் ஒரு குடம் சவர்த் தண்ணீரும்

குசினியில் ஏதோ கருகும் மணம் வந்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. “எனக்கொண்டும் மணக்கேல்லையே” என்றார் என் கணவர். அவர்மேல் எரிந்து விழுந்தேன். மூக்கில்லாத மனிசனோடு குடும்பம் நடத்துகிறேனே என்று புறுபுறுத்தேன். அன்று பின்னேரம் காய்ச்சல், மறுநாள் வலிப்பு.

இந்தியன் ஆமி நின்ற காலம். நயினாதீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு என்னைக் கொண்டுபோனார்கள். பயணம் நினைவில்லை. மூளை அழற்சி (கிருமியால் மூளை வீங்கிப் புண்படுவது) என்றார்கள். இல்லாத கருகல் மணத்ததும் அதனால்தானாம். நினைவு திரும்பியபோது கருகல் மணம் போயிருந்தது. மற்ற மணங்களும் ருசியும் போயிருந்தன. வேறொன்றும் போயிருந்தது.

அந்த வேறொன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த நோயில் கிடந்து எழும்பிய உங்களுக்கும் அது நடந்திருக்கலாம், வெட்கத்தில் மூடி வைத்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் தர்சினியை என் மடியில் இருத்தினார்கள். பேசத் தொடங்கியிருந்த வயது. என் பிள்ளை என்று தெரிந்தது, உணர முடியவில்லை. ஒரு தலையணையை வைத்திருப்பது போலிருந்தது. அவள் வழுக்கி இறங்கி, அதுவரை தன்னைப் பார்த்த என் மச்சாளிடம் (கணவரின் தங்கை) ஓடி, “அம்மா” என்றாள். எனக்கு நோகவில்லை. நோக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த கிளினிக்கில் கேட்டேன். “டொக்டர், எனக்குப் பிள்ளையில பாசம் வரேல்லை. இனி வராதோ?”

“மூளைக்குள்ள மைக்ரோகிளியா எண்டு சின்னக் கலங்கள் இருக்கு. செத்ததைத் தின்று துப்புரவாக்கிறதுதான் அதுகளின்ர வேலை. இப்ப கூட்டி அள்ளிக்கொண்டிருக்குதுகள். பொறுங்கோ.”

“அள்ளேக்க நல்லதையும் சேர்த்து அள்ளினால்?”

“அதுவும் நடக்கும்” என்றார். பொய் சொல்லத் தெரியாத டொக்டர்.

பல வருடங்களுக்குப் பிறகுதான் ஒரு செய்தியை வாசித்தேன். வளரும் குழந்தையின் மூளையிலும் இதே கலங்கள்தான், அளவுக்கு மிஞ்சி முளைத்த நரம்பு இணைப்புகளில் பாவிக்காதவற்றைக் கத்தரித்து விடுகின்றனவாம். ஆக, அந்த வீட்டில் என் தலைக்குள்ளும் அவள் தலைக்குள்ளும் ஒரே வேலைதான் நடந்திருக்கிறது.

எங்கள் வீட்டு வளவுக் கிணறு சவர் (உப்புக் கரிக்கும் தண்ணீர்). குளிக்க, கழுவத்தான் ஆகும். குடிக்கிற தண்ணீரை ஊர்ப் பொதுக் கிணற்றிலிருந்து சுமந்து வர வேண்டும். தீவில் பிறந்த எவரும் இந்த இரண்டையும் மாற்றி அள்ள மாட்டார்கள். நான் மாற்றினேன். எழும்பி நடமாடத் தொடங்கியதும் வளவுக் கிணற்றில் அள்ளித் தேத்தண்ணி வைத்தேன். பல நாட்கள் அப்படித்தான். கணவரும் மச்சாளும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

ஒருநாள் தர்சினி என் கோப்பையில் வாய் வைத்தாள். அப்படியே நிலத்தில் துப்பினாள். “சீ! சவர்!”

நான் கணவரைப் பார்த்தேன். “உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம். சொன்னால் மனம் உடைஞ்சு போவீர் எண்டு பேசாமல் விட்டனான்.”

“உடையிறதுக்கு மனம் எண்டொண்டு இருந்தால்தானே!” என்றேன். மச்சாள் அழுதாள். எனக்கு அழவும் முடியவில்லை.

குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, அதே குடத்தோடு பொதுக் கிணற்றுக்கு வெளிக்கிட்டேன். படலை (வளவு வாசல் கதவு) வரை போய் நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. அந்த வழியையும் நோய் அள்ளிக்கொண்டு போயிருந்தது. பின்னால் வந்த தர்சினி என் விரலைப் பிடித்து இழுத்தாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மச்சாளின் இடுப்பில் தினமும் போய்வந்த பாதை அவளுக்கு.

“அங்கால, அம்மா.”

பாசம் பொங்கியது என்று எழுத ஆசைதான். பொங்கவில்லை. அவள் பிடித்த விரல் மட்டும் சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும் வழியிலும் அந்த விரலை நான் எடுக்கவில்லை.

ருசி இன்றுவரை வரவில்லை. நோய்க்கு முந்திய என்னை, எப்போதோ பழகிய பக்கத்து வீட்டுக்காரியைப் போலத்தான் நினைக்கிறேன். என் வயதை அந்தப் படலையிலிருந்துதான் எண்ணுகிறேன். தர்சினி வளர்ந்துவிட்டாள். நான் தேத்தண்ணி வைத்தால் முதல் மிடறு அவளுக்கு.

“சரியோ, பிள்ளை?”

“ஓம் அம்மா, நல்ல தண்ணிதான். குடியுங்கோ.”

அதற்குப் பிறகுதான் குடிக்கிறேன்.