சட்டைப்பையில் திருப்புளி

திருவனந்தபுரம் கோட்டைக்குள் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் திருப்புளிதான் வைத்திருப்பார். என் போர்ஷனில் கதவோ ஜன்னலோ ஆடினால் வந்துவிடுவார். மழையில் ஊறித் தளர்ந்த திருகாணித் துளையில் தீக்குச்சியை ஒடித்துத் திணித்து, கீலை முடுக்குவார்.

"காத்தடிச்சாத்தானே ஆடறது, விடுங்கோ மாமா" என்றேன் ஒருநாள்.

"ஆடற சத்தம் கேட்டா நேக்கு இருக்க முடியாது, கேட்டேளா?"

அப்போது அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். சில மாதங்களாக மாமிக்குக் கைநடுக்கம். வைத்தியம் பார்த்தும் நிற்கவில்லை. டம்ளரும் டபராவும் கடகடவென்று மோதிக்கொண்டே வந்தன. மாமா எழுந்து வாங்கப் போனார்.

"நானே தரேன்" என்றார் மாமி.

மாமா திரும்பி உட்கார்ந்து, ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியையே மறுபடி முடுக்க ஆரம்பித்தார். டம்ளர் என் கைக்கு வரும்வரை நிறுத்தவேயில்லை.