எட்டாம் நம்பர் இரைச்சல்

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. ராத்திரியும் இல்லை, பட்டப்பகல். மத்தியானம் 2.40. பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

என் அண்ணன் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஆறு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தான். லாரி மோதியதில் பேச்சு போனது, கை கால் போனது. வலது கட்டைவிரல் மட்டும் மிச்சம். அந்த விரலுக்கு அடியில் டிவி ரிமோட்டை வைத்துத் துணியால் கட்டியிருந்தேன். அவனுக்கென்று ஒரு பழைய குண்டு டிவி.

அந்த ரிமோட்தான் அவனுக்கு வாய். இரண்டை அழுத்தினால் செய்தி கேட்கும், தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். ஐந்தில் பாட்டு, புரட்டிப் படுக்க வை. எட்டில் எந்தச் சேனலும் கிடையாது. வெறும் இரைச்சல்... ஷ்ஷ்ஷ்... அப்படியென்றால், முடியவில்லை, உடனே வா. நான் அடுப்படியில் நின்றாலும் காது பின்னறையில்தான் இருக்கும். ஆறு வருடத்தில் எட்டை மூன்றே முறைதான் அழுத்தினான். மூன்று முறையும் ஓடிப்போய்க் காப்பாற்றினேன்.

பிறகு டிஜிட்டல் வந்தது. பழைய இணைப்பை நிறுத்தப் போகிறோம், இனி டிவிக்கு ஒரு பாக்ஸ் வேண்டும் என்றார் கேபிள்காரர். கூடத்துக்கு மட்டும் ஒன்று வாங்கினேன். அதிலிருந்தே அண்ணன் டிவிக்கு ஒரு வயரை இழுத்துவிட்டார்.

"உள்ள டிவில மூணாம் நம்பர்ல மட்டும்தான் படம் வரும்க்கா. இங்க நீங்க பாக்கறதேதான் அங்கயும். வேற எதை அழுத்தினாலும் இரைச்சல்தான்."

"பரவால்ல. அவன் என்ன, உக்காந்து பாக்கவா போறான்?"

இந்த வாயால்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து இரண்டும் இரைச்சல், ஐந்தும் இரைச்சல், எட்டும் இரைச்சல். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு தடவையும் ஓடினேன். மூன்றாம் நாள் நடந்தேன். அப்புறம் பழகிவிட்டது. நான் வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் அவனே டிவியை அணைத்துவிட்டு, பிறகு மறுபடி அழுத்துவான். இன்னொரு பாக்ஸ் வாங்க வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம், அதற்கடுத்த வாரம் பார்க்கலாம் என்றே இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். காலை 10 மணிக்கு அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அடுப்படிக்குப் போனவள்தான். விருந்து முடிந்ததும் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தோம்.

"அடேயப்பா, மூஞ்சில இருக்கிற பரு கூடத் தெரியுதே அண்ணி!" நாத்தனார் வாயைப் பிளந்தாள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அப்போது மணி 2.40.

பின்னறையில்... ஷ்ஷ்ஷ்ஷ்...

"என்ன அண்ணி சத்தம்?"

"எங்கண்ணன்தான். முழிச்சிட்டான் போல. சும்மா எதையாவது அழுத்திட்டே இருப்பான்."

கூடத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

படம் முடிந்து 4.10க்குப் போனேன். டிவி இரைந்துகொண்டே இருந்தது. அண்ணனின் கண் திறந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ரிமோட்டை எடுக்கப் பார்த்தேன். விரல் அசைந்து கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி பீரோவில் வைத்ததும் அவர்தான். நான் அதைப் படிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு. கூடத்து டிவியில் ஒருத்தி செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வாய் மட்டும் அசைந்தது. குரல் இல்லை.

ஷ்ஷ்ஷ்ஷ்...

கடிகாரத்தைப் பார்த்தேன். 2.40.

திங்களும் அதே நேரம். செவ்வாயும்.

கேபிள்காரரை வரச் சொன்னேன். "டிஜிட்டல்ல இரைச்சலே வராதுக்கா. சிக்னல் போனா படம் நின்னுடும், இல்ல இருட்டாயிடும். ஷ்ஷ்னு வர்றதுக்கு வழியே இல்ல," என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே 2.40 ஆனது.

அவர் காதிலும் விழுந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார்.

அண்ணன் டிவியை எடைக்குப் போட்டோம். வயரைப் பிடுங்கினோம். பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். கூடத்து டிவியை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினோம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இப்போது என் வீட்டில் டிவியே இல்லை.

2.40.

ஷ்ஷ்ஷ்ஷ்...

தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். வெறும் கட்டில். அவனுக்குத் தண்ணீர் வேண்டுமா, புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமா, முடியவில்லையா... தெரியவில்லை. தெரியாதபடி செய்ததே நான்தான்.

போன மாதம் வேறு ஏதோ தேடும்போது பீரோவில் டாக்டரின் தாள் கிடைத்தது. உயிர் பிரிந்த நேரம், காலை சுமார் 11 மணி.

என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். தாளை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார்.

"உடம்பு அப்பவே விறைச்சிருந்துச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

காலை 11 மணிக்கு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அதனால்தான் 2.40க்கு மறுபடியும் கூப்பிட்டிருக்கிறான்... செத்த பிறகு.

நான் சத்தத்தைக் கூட்டினேன்.