வேலியில கட்டுன கல்யாணச் சீலை

எம்பேத்திக்குக் கல்யாணம் ஆகி எட்டு நாளாச்சுங்க. இன்னும் எனக்குச் சிரிப்பு அடங்கல. ஆனா அதுக்கு முந்தி நான் பட்ட பாடு இருக்குதே!

அவ திருப்பூர்ல பனியன் கம்பெனியில தைக்கறவ. "மிச்சத் துணியக் குமிச்சுக் கொட்டறாங்க அம்மாயி, வயிறு எரியுது"ம்பா. அதனால புதுச்சீலையே வேண்டாமாம். ஊட்டுப் பழஞ்சீலைய வெட்டி ஒட்டுப்போட்டுப் பாவாடை சட்டை தெச்சு, அதோடதான் மணையில உக்காருவாளாம். மாப்பிள்ளையோட அம்மா காளப்பநாயக்கன்பட்டிக்காரங்க. பஸ்ஸுல எங்க மலை வளைவு ஏறறதுக்குள்ள நாலுதரம் வாந்தி. வந்து எறங்கி, வாயத் தொடைச்ச கையோட, "ஏனுங்க, பொண்ணுக்குக் கந்தலா உடுத்தி உடறீங்க?"ன்னாங்க.

"கந்தல் இல்லீங்க அத்தே. எங்கம்மா கல்யாணச் சீலைதான் நடுவுல வருது"ன்னா பேத்தி.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

அவங்கம்மா, எம்மவ, செத்து ஆறு வருசம். அவ துணியப் பாக்க மனசு வராம சாக்குல திணிச்சு மேல அட்டத்துல ஏத்திப் போட்டுட்டேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி காட்டுப்பன்னி வந்து மரவள்ளிக் காட்ட உழுது போட்டுச்சு. பழஞ்சீலைய வேலியாட்டம் சுத்திக் கட்டுனா பன்னி மெரளும்ங்க. அவசரத்துல கைக்குச் சிக்குன சாக்கத் தூக்கிட்டுப் போயி, குனிஞ்ச தலை நிமிராமக் கட்டிட்டேன். நிமுந்து பாத்தா, செவப்பா அவ கல்யாணச் சீலை. அவுத்தா பன்னி வந்துரும். நாளைக்கு, நாளைக்குன்னே உட்டுட்டனுங்க.

"அம்மா சீலைய எடு அம்மாயி, நாள் மூணுதான் இருக்குது."

"பொட்டியில இருக்குது கண்ணு, காலையில தாரேன்." பொய்யி.

விடிஞ்சதும் காட்டுக்கு ஓடுனேன். முட்டி வலி வேற. சீலை வெளுத்துச் சாம்பலாட்டம் தொங்குது. தொட்டா அப்பளமாட்டம் பொடியுது. தாயில்லாப் புள்ள கேட்டது இந்த ஒண்ணுதான், அதையும் பன்னிக்குக் குடுத்துட்டனேன்னு வரப்புல உக்காந்து மாருல அடிச்சுக்கிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஊட்டுக்குப் போறது?

வெறுங்கையோட போக வேண்டாமுன்னு, வேலிக் கொம்புல இருந்த முடிச்சப் பல்லுல கடிச்சு அவுத்தேன். உள்ள பாத்தா செவப்புங்க! அன்னைக்கு எம்மவ மணையில கட்டியிருந்த அதே செவப்பு. வெயிலு மழை எதுவும் முடிச்சுக்குள்ள போகல. அந்தச் சீலை அஞ்சு கொம்புல கட்டியிருந்துச்சு. அஞ்சு முடிச்சையும் அவுத்தேன். கடைசி முடிச்சுல எம்பல்லு ஒண்ணும் கூடவே வந்துருச்சு.

அஞ்சு செவப்புத் துண்டையும் மடியில கொண்டாந்து கொட்டி எல்லாத்தையும் சொன்னேன். பேத்தி துண்டுகள மூஞ்சியில வெச்சு மோந்து பாத்தா. அப்புறம் மெஷின்ல போயி உக்காந்துட்டா. பொழுது சாயற வரைக்கும் மெஷின் சத்தம் நிக்கல. நான் அடுப்பு மூட்டல, தண்ணி குடிக்கல.

பொறவு கூப்புட்டா. "சுருக்கம் போகவே மாட்டேங்குது. நீ என்ன, பன்னியவே கட்டிப் போடற மாதிரியா முடிச்சுப் போட்ட?"

ரெண்டு பேரும் அழுதுட்டே சிரிச்சோம்.

மணையில உக்காந்தப்ப அந்த அஞ்சு துண்டும் அவ நெஞ்சுக்கு மேலயே சுருக்கத்தோட இருந்துச்சுங்க. அதுக்குள்ள சீலைய அவுத்த பக்கமாப் பன்னி காட்டுல பூந்து ரெண்டு வரிசை கெழங்கத் தின்னுட்டுப் போயிருச்சு. போகட்டும், அதுவும் கல்யாணச் சாப்பாடு சாப்புட்ட மாதிரி ஆச்சு.