ஆறு தடவை கழுவிய துகள்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்குப் பெயரே கோட்டக்கா என்றாகிவிட்டது. புரதத்தைச் சோதிக்கும் ஒளிக் கருவியைப் பதினொரு வருஷமாக ஓட்டியவள். குப்பியில் கரைசலை ஊற்றி உள்ளே வைத்தால் திரையில் ஒரு கோடு வரும். புரதம் ஒழுங்காக மடிந்து சுருண்டிருந்தால் அந்தக் கோட்டில் ஆழமாக இரண்டு பள்ளம் விழும். மடிப்புக் குலைந்துவிட்டால் பள்ளம் தூர்ந்துபோகும். எந்தக் கோடு எப்படி விழும் என்று கருவி காட்டுவதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள்.

இயக்குநரின் மருமகனும் அங்கேதான் ஆராய்ச்சியாளர். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. மருந்தைச் சுமந்து ரத்தத்துக்குள் போகும் நானோ துகள் ஒன்றை அவர் செய்திருந்தார். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு பொடி. பொதுவாக இந்த மாதிரித் துகளைக் கண்டால் ரத்தத்தில் இருக்கும் புரதம் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் மடிப்புப் பிரிந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அப்படிக் குலைந்த புரதத்தை உடம்பு அந்நியன் என்று நினைத்து எதிர்க்கக்கூடும். மாப்பிள்ளையின் துகள் புரதத்தை ஒன்றுமே செய்வதில்லை என்பதுதான் அதன் பெருமை. கட்டுரை வந்தது, பரிசு வந்தது, மாமனாருக்கு மாலை வந்தது.

கோட்டக்காவுக்கு மட்டும் உறுத்தியது. ஒரு நாள் வெறும் துகளைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினாள். நுரைத்தது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் செய்முறையில் ஒரு சோப்பு சேர்ப்பார்கள். கடைசியில் கழுவி எடுத்துவிட வேண்டும். கட்டுரையில் ஆறு தடவை கழுவியதாக எழுதியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பொறுமை இரண்டு தடவைக்குத்தான். அவள் மிச்சமிருந்ததை எடுத்து ஆறு தடவை சுழலியில் சுற்றித் துகளை அடியில் படியவைத்து, மேல் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். பிறகு புரதத்தோடு கலந்து கோடு எடுத்தாள். இரண்டு பள்ளமும் பாதிக்கு மேல் தூர்ந்திருந்தன.

வாரக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். "சார், துகள் மேல சோப்பு படிஞ்சிருக்கு. அதனாலதான் புரதம் கிட்டவே போகல. சோப்பு போயிட்டா ஒட்டுது, ஒட்டினா பிரியுது."

அவள் நீட்டிய கோட்டுக் காகிதத்தை இயக்குநர் பார்க்கவே இல்லை. "குப்பிய வெயில்ல வெச்சுக் கெடுத்துட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கறியாம்மா?"

முப்பது பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தார். கவனக்குறைவால் மாதிரியைக் கெடுத்தாள் என்று அவள் கோப்பில் ஒரு குறிப்பு ஏறியது. மறுவாரம் அவளைக் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். "கழுவறதப் பத்தித்தான் இவ்வளவு அக்கறையா இருக்கியே" என்றார் இயக்குநர்.

மேலிடத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். இரண்டும் இயக்குநர் மேசைக்கே திரும்பி வந்தன. வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். சண்டை சச்சரவு பிடிக்காத மனுஷன். "சம்பளம் குறையல இல்ல, விட்டுத் தள்ளேன்" என்றார்.

"முப்பது பேர் சிரிச்சாங்க. ஒவ்வொருத்தர் பல்லும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

இரண்டு வருஷம் குடுவை கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. துகள் கழுவும் வேலையையும் மாப்பிள்ளை அவள் தலையிலேயே கட்டினார். "ரெண்டு தடவை போதும், ரொம்ப மெனக்கெடாத" என்பார். சரிங்க சார் என்று இரண்டோடு நிறுத்துவாள். ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு, "மருமகன் சார் சொன்னபடி, இரண்டு" என்று கழுவும் அறைப் பதிவேட்டில் எழுதுவாள். அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஒரு பெரிய மருந்து நிறுவனம் துகளை வாங்க முன்வந்தது. கண்ணெதிரே சோதனை நடக்க வேண்டும் என்று மூன்று பேர் வந்தார்கள். தலைமை, தலை நரைத்த ஒரு அம்மாள். புரதத்தையும் அவர்களே பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். துகளைக் கழுவித் தரக் கோட்டக்காவைக் கூப்பிட்டார்கள்.

கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். எல்லோர் காதிலும் விழும்படி, ரொம்பப் பணிவாகக் கேட்டாள். "சார், வழக்கம்போல ரெண்டு தடவை கழுவட்டுமா, இல்ல கட்டுரையில இருக்கற மாதிரி ஆறா?"

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. நரைத்த தலை அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வழக்கம்னா?" என்றார்.

இயக்குநர் முந்திக்கொண்டார். "ஆறுதான். எப்பவுமே ஆறுதான். இவங்களுக்குக் கொஞ்சம் ஞாபக மறதி."

"ஆறே செய்யறேன் சார்."

அவள் கழுவினாள். ஒரு சுற்றைக்கூட அவசரப்படுத்தவில்லை. இரண்டு மணி நேரம் இயக்குநரை நாற்காலியில் நெளியவிட்டு, இடையிடையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வைக்காகவே இரண்டு வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்.

கழுவிய துகளைப் புரதத்தோடு கலந்து கருவியில் வைத்ததும் திரையில் கோடு ஊர்ந்து வந்தது. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் லேசான சரிவுதான் இருந்தது. மாப்பிள்ளை புரதத்தைக் குறை சொல்ல வாயெடுத்தார், அது அவர்களுடையது. துகளைக் குறை சொன்னால் அது அவருடையது. அம்மாள் கழுவும் அறைப் பதிவேட்டைக் கேட்டார். கோட்டக்கா அதைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

ஒரு மாதத்தில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். மாப்பிள்ளையை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்தத் திட்டத்தையே மூடியதில் ஒன்றுமறியாத நான்கு பேருக்கும் வேலை போனது. கூட்டத்தில் அவர்களும் சிரித்தவர்கள்தான் என்று அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். அவர்களில் ஒரு பெண் அழுதுகொண்டே போனபோது மட்டும் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

இயக்குநரையும் பதவி விலகச் சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன் அவர் கழுவும் அறைக்கு வந்தார். "என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா."

"எழுந்து நின்னு சொன்னேன் சார். வெயில்ல வெச்சேன்னீங்க." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். "குப்பி கெடலன்னு எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துல."

நின்றபடியே எழுதினார். அவள் வாசித்துப் பார்த்து, "'கவனக்குறைவு இல்லை'ன்னும் சேருங்க" என்றாள். சேர்த்தார். புது இயக்குநர் வந்ததும் அந்தத் தாள் கோப்பில் ஏறியது. கருவியும் அவளிடம் திரும்பி வந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் பழைய இயக்குநர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தகவல் வந்தது. கூடத்தில் எல்லோரும் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர் அவளை விசாரித்ததாகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க வேணா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.