மூன்று மணி நேரம் மணலைத் தொடாதீர்கள்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தில் ஒரு லோடு மணலைத் திருப்பி அனுப்ப இருந்தோம். மணலோடு சேர்த்து ஓர் ஆளையும்.

கழக்கூட்டத்தில், ஐ.டி. ஆட்கள் நிறைந்த அடுக்ககம் எங்களுடையது. மழையில் சரிந்த சுற்றுச்சுவரைக் கட்டும் வேலையைக் கொத்தனார் செல்வராஜ் எடுத்திருந்தார். வள்ளியூர்க்காரர். நான்கு ஆட்களோடு வந்திருந்தார். மணலைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. லாரி கொட்டிவிட்டுப் போனது. நிறம் கொஞ்சம் சிவப்பு.

"செல்வராஜே, இது முழுக்கச் சேறு அல்லே?" என்றார் சங்கச் செயலாளர் ராமநாதன். பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது இங்கே, பேச்சில் பாதி மலையாளம். "இது சரியாவாது. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன், கேட்டோ."

வேறு மணல் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள்... வேறு ஆள்!

செல்வராஜ் பதறவில்லை. வாயகன்ற ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். மணலைப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, சகதி சீக்கிரம் படிவதற்காக ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தார். நன்றாகக் குலுக்கி, செக்யூரிட்டி அறை மேஜையில் வைத்தார்.

"மணல் பத்து சென்டிமீட்டர் இருக்கு சார். மூணு மணி நேரம் விட்டா மணல் அடியில உக்காந்துரும். சகதி அதுக்கு மேல தனியாப் படியும். சகதி ஒரு சென்டிமீட்டரத் தாண்டிச்சின்னா, மணலை நானே அள்ளிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிருதேன். அதுவரைக்கும் யாரும் தொட்டுராதீங்க."

வைத்தது இரண்டு மணிக்கு. ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் — கலங்கல்! வைத்தபோது இருந்த அதே செங்கலங்கல்.

ராமநாதன் கைப்பேசியை எடுத்து அடுத்த கொத்தனாரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். செல்வராஜின் ஆட்கள் கரண்டிகளைச் சாக்கில் போட்டார்கள். செல்வராஜ் மட்டும் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்புப் போட்ட தண்ணி இப்படி நிக்காதே சார்..."

என்னைப் போல் பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தீர்ப்பை எழுதுவதற்கு முன், சம்பவ இடத்தில் இருந்தவரைக் கேட்டுவிடுவது. செக்யூரிட்டி காசி மதியத்திலிருந்து அங்கேதான் இருந்தார்.

"இந்த பாட்டிலை யாராவது எடுத்தாங்களா, காசி?"

"எடுக்காதது யாருன்னு கேளுங்க சார். தலைவர் சார் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. பொருளாளர் மேடம் குலுக்கிப் பாத்தாங்க. செயலாளர் சார் ரெண்டு வாட்டி."

"அய்யோ, நான் சும்மா நோக்கினதாக்கும்!" என்றார் ராமநாதன்.

"கவுத்துல்லா நோக்குனீங்க!" காசி என் பக்கம் திரும்பினார். "முதல்ல எடுத்தது நீங்கதான் சார்."

உண்மை. போட்டோ எடுப்பதற்காகத் தூக்கினேன். இதை விட்டுவிட்டு எழுதினால் அது செய்தி ஆகாது.

யோசித்துப் பாருங்கள். உப்பு கரைந்துவிட்டது. மூன்று நாள் வைத்தாலும் அது அடியில் இறங்காது. மண் அப்படி இல்லை — தண்ணீரில் கலந்தது போல் நடிக்கும், கலந்திருக்காது. சும்மா விட்டால் கனமானது முதலில், லேசானது பிறகு என்று தானாகவே பிரிந்துவிடும். அதற்கு வேண்டியது நேரம் ஒன்றுதான்.

ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் நாம் விசாரிக்கும் விதமும் இப்படித்தானே? ஆளுக்கொரு முறை தூக்கிக் குலுக்குகிறோம். பிறகு, 'விஷயம் தெளிவாகவே இல்லையே' என்கிறோம்.

"இன்னொரு வாட்டி வச்சிப் பாக்கலாம் சார். பூட்டுற மாதிரி ரூம் இருக்கா?" என்றார் செல்வராஜ்.

மின் மீட்டர் அறை இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புது மணல், புதுத் தண்ணீர், சிட்டிகை உப்பு. பூட்டிய சாவியைச் செல்வராஜ் காசியிடம் கொடுத்தார்.

"யாரு கேட்டாலும் குடுக்காதீங்க அண்ணாச்சி. நானே வந்து கேட்டாலும்."

பதினோரு மணிக்கு ராமநாதன் ஒருமுறை கேட்டுப் பார்த்ததாகக் காசி பிறகு சொன்னார். சாவி கிடைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தோம். மேலே தெளிந்த தண்ணீர். அடியில் மணல். நடுவில் மெல்லிய சிவப்புப் பட்டை ஒன்று. பாட்டிலை அசைக்காமல் ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்தி அளந்தேன் — அரை சென்டிமீட்டர்.

ராமநாதன் குனிந்து ஒருமுறை, நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"சரி செல்வராஜே... வேலையைத் தொடங்கிக்கோ."

"ஏலே, மூட்டையப் பிரிங்கலே!" செல்வராஜின் குரல் தெரு வரை கேட்டிருக்கும்.

மாலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது: 'நிர்வாகிகள் முன்னிலையில் நடந்த சோதனையில் மணல் தேறியது.'

சரிதான். தேறியது மணல் மட்டும்தான்.